இரண்டு சாண் ஜடையும் நந்தி ஆற்று ஊற்றும்

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் இப்போதும் என் கை தானாகத் தலைக்குப் போய்விடுகிறது. அங்கே தடவிப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளைக் கொண்டை, அவ்வளவுதான். ஆனாலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை இறங்குகிறது. என் வயதுக்காரர்களான உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நம் கையும் காலும் நம் பேச்சைக் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறதே.

நான் சொல்வது திருத்தணியில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்தது. யுத்தம் முடிந்தும் அரிசிக்குக் கார்டு பிடித்துக்கொண்டு நின்ற காலம். ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ். அப்பாவை மட்டும் எங்கே இருந்தாலும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா ரயிலடியில் பாயிண்ட்ஸ்மேன், ரயிலுக்குத் தடம் மாற்றிவிடுகிற வேலை. அவர் சட்டையில் எப்போதும் விளக்கெண்ணெயும் நிலக்கரியும் கலந்த ஒரு வாசனை இருக்கும். வீட்டுக்குப் பின்னால் நூறு அடி நடந்தால் நந்தி ஆறு, முன்னால் வந்து நிமிர்ந்தால் மலை. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நான்கு பேர்: நைனா, அம்மா, நைனாவின் அக்காவான அத்தை, நான்.

ஆறு என்றதும் காவிரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். வருஷத்தில் பாதி நாள் அது வெறும் மணல். மழைக்காலத்தில் மட்டும் ஒரு மாதம் பெரிய மனுஷியாகச் சத்தம் போட்டுவிட்டுப் போகும். ஆனால் எங்கள் ஊரில் அதைக் குறைத்துப் பேசினால் பல்லை உடைத்துவிடுவார்கள். நந்தி தவமிருந்து வரவழைத்த தண்ணீர் என்பார்கள். குழந்தைக்கு முதல் மொட்டை அந்தக் கரையில்தான். செத்தவருக்குக் காரியம் செய்வதும் அதே கரைதான், கொஞ்சம் தள்ளி. ஆடிப் பதினெட்டுக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போய் உட்கார்வதும் அங்கேதான். மலை மேல் இருக்கிற சாமி, சூரனோடு சண்டை போட்ட கோபம் தணிந்து வந்து உட்கார்ந்தவர். அவரைப் பார்க்கப் போகிறவர்களும் ஆற்றில் முழுகித் தங்கள் சூட்டைத் தணித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். முதலில் ஆறு, பிறகு சரவணப் பொய்கை, பிறகு படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி.

எனக்கு ஏழு வயது முடிவதற்குள் விஷக் காய்ச்சல் வந்தது. ஐப்பசி மாதம், ஆறு கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது ஈரத்துணியின் வாசனையும், பார்லிக் கஞ்சியின் வழவழப்பும், யாரோ கதவுக்குப் பின்னால் நின்று மெதுவாக அழுத சத்தமும்தான். வைத்தியர் கையை விரித்துவிட்டுப் போன அன்று அம்மா ஆற்றுக்கு ஓடினாளாம். இடுப்பளவு வெள்ளத்தில் நின்று மலையைப் பார்த்து எதையோ கேட்டாளாம். சொட்டச் சொட்ட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், காய்ச்சல் இறங்கும்வரை அந்தப் புடவையை மாற்றவில்லையாம்.

காய்ச்சல் இறங்கியது. போகும்போது சும்மா போகவில்லை, என் முடியையும் மூட்டை கட்டிக்கொண்டு போனது. சீப்பு வைத்தால் கொத்தாக வரும். கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றதைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘எலி கடிச்ச தேங்கா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கிலும் ஒரு பெயர் வைத்தார்கள், அதைச் சொல்ல மாட்டேன்.

பிறகு முடி மெல்ல வளர ஆரம்பித்தது. முதன்முதலாக அதைச் சேர்த்துக் கட்ட முடிந்த வாரம் நைனா அரக்கோணத்திலிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் வாங்கிக்கொண்டு வந்தார். பளபளவென்று, விரலில் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். அதை நான் தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை. உலகத்தில் யாருக்கும் முடி முளைத்ததில்லை, எனக்கு மட்டும்தான் முளைத்தது என்பதுபோல் தலையை ஆட்டி ஆட்டி நடந்தேன்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் அம்மா என் முடியை அளப்பாள். கட்டைவிரலைப் பிடரியில் ஊன்றிச் சுண்டுவிரலைக் கீழே நீட்டுவாள். ஒரு சாண் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. “இன்னம் கொஞ்சம்” என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பெருமை ஒருநாள் அத்தையின் வாயால் போயிற்று. அத்தை வாசலில் பூக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். அத்தைக்குக் கெட்ட மனசில்லை. ஆனால் நாக்குக்கும் மனசுக்கும் நடுவில் கதவு கிடையாது.

“முடி குடுக்கிறேன்னு வேண்டிகினா. ரெண்டு கிருத்திகை போயிடுச்சி. பொண்ணு ஜடை மேல ஆசை வெச்சிகினு சாமியவே ஏமாத்தறா. இதெல்லாம் நல்லதுக்கா?”

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் ஜடையை முன்னால் இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். அம்மா ஏன் சாண் போட்டு அளக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது என்று நினைத்தேன். அறுக்கப் போகிற கதிரை அளக்கிறாள். அம்மாவிடம் கேட்க முடியாது. வேண்டுதலை நிறைவேற்றும் வரை அதை முழுசாக வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. கேட்டால் சாமி குற்றம். கேட்காவிட்டால் மொட்டை.

அந்த வருஷம் ஆனி மாதத்திலேயே இரண்டு சாண் வந்துவிட்டது. அம்மா அளந்துவிட்டு ரொம்ப நேரம் கையை என் பிடரியிலேயே வைத்திருந்தாள். அன்று ராத்திரிச் சோற்றின்போது நைனாவிடம் சொன்னாள், இந்த ஆடிக் கிருத்திகைக்கு முடித்துவிட வேண்டும் என்று. நைனா தலையாட்டினார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் மலையைப் பார்த்து வேண்டத் தொடங்கினேன். என்ன வேண்டினேன் தெரியுமா? மழை வரக் கூடாது, ஆறு ஓடக் கூடாது என்று. ஏனென்றால் அம்மா அத்தையிடம் திட்டமாகச் சொல்லியிருந்தாள். குளத்தில் முழுகிக் கொடுத்தால் ஆகாதா என்று அத்தை கேட்டதற்கு, “எந்தத் தண்ணியில நின்னு கேட்டேனோ அந்தத் தண்ணியில நின்னுதான் குடுக்கணும். தேங்குன தண்ணியில இல்ல, ஓடுற தண்ணியில” என்றாள். ஆறு ஓடாவிட்டால் என் தலை தப்பும். கணக்கு அவ்வளவு சுலபம்.

என் வேண்டுதல் பலித்துத் தொலைத்தது. ஆனி போய் ஆடி பிறந்தும் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் தெருக் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. அத்தை இரண்டு தெரு தாண்டிப் போய் இடுப்பு ஒடியத் தண்ணீர் சுமந்தாள். நைனா ரயில் எஞ்சினுக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு குடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தார். ஊரே மழைக்கு வேண்டிக்கொண்டிருந்தது, எதிர்க்கட்சியில் நான் ஒருத்தி. இத்தனை பேரை மீறிச் சாமி என் பேச்சைக் கேட்கிறாரே என்று ஒரு பக்கம் கர்வம், ஒரு பக்கம் நடுக்கம்.

அம்மாதான் உருகிப் போனாள். நான் தும்மினால் போதும், அடுப்படியிலிருந்து ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கொடுக்கிறேன் என்று சொன்னதைக் கொடுக்காமல் விட்டால், கொடுத்ததை அவர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற பயம் அவளுக்கு. அவர் கொடுத்தது என்னை. பயம் பிடித்த தாய்க்குச் சோறு இறங்குமா? அந்த ஆடியில் அவள் கைவளையல் முழங்கைவரை போய் வந்தது.

கிருத்திகைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஜட்கா பாய் வந்தார். ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டுகிறவர், நைனாவுக்கு நெடுநாள் பழக்கம். ஆறு காய்ந்தால் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவார். எந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் சீக்கிரம் வரும் என்று அவருக்குத் தெரிந்ததுபோல் ஊரில் யாருக்கும் தெரியாது. நைனா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பாய் வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்.

“மேல காஞ்சிட்டா ஆறு இல்லேன்னு ஆயிடுமா தங்கச்சி? அடியில போய்கினேதான் கீது. நான் தோண்டித் தரேன். ஒரு கால் வெட்டி உட்டா ஓடுற தண்ணிதானே?”

அப்படி ஒரு வழக்கம் உண்டுதான். பஞ்ச வருஷங்களில் ஊற்றுத் தோண்டி, அதிலிருந்து ஒரு சாண் அகலத்துக்கு மணலில் வாய்க்கால் இழுத்துவிடுவார்கள். நாலடி ஓடினாலும் அது ஓடும் ஆறு என்றே கொள்வார்கள். அம்மா அன்று வயிறாரச் சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை.

பாய் தாழம்புதர் ஓரமாக, ஆறு வளைகிற இடத்தில் தோண்டினார். ஓரம் சரியாமல் இருக்க, ஒரு பழைய மூங்கில் கூடையின் அடியை அறுத்து உள்ளே இறக்கினார். கூடைக்குள் தண்ணீர் கலங்கலாக ஊறி, மறுநாள் தெளிந்து, அதற்கு மறுநாள் பரணியன்று வானத்தைக் காட்டியது. இரண்டு கை அள்ளிக் குடித்துப் பார்த்த நைனா, கற்கண்டு என்றார். எனக்கு அந்தக் கூடையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

பரணியன்று மத்தியானம் ஊர் முழுக்கக் காவடிக் கூட்டம். ஆந்திரப் பக்கத்திலிருந்து மஞ்சள் துணி உடுத்தி, பூக்காவடி எடுத்து, தெலுங்கில் அரோகரா போட்டுக்கொண்டு சாரி சாரியாக வந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் கொல்லை வழியாக ஆற்றில் இறங்கினேன். மணல் பொரிக்கிற சூடு. குதித்துக் குதித்துத் தாழம்புதருக்குப் போய்ச் சேர்ந்தேன். கூடையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். அது முதலில் வரவில்லை. காலை ஊன்றி இழுத்ததும் மளுக்கென்று ஒரு பக்கம் ஒடிந்து சாய்ந்தது. சுற்றியிருந்த மணல் தானே சரிந்து உள்ளே போயிற்று. மிச்சத்தைக் காலால் தள்ளினேன், கையால் வாரிப் போட்டேன், மேலே ஏறி மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் அங்கே ஈரமான ஒரு வட்டம் மட்டும்தான் இருந்தது.

மேலே ஏறி நிமிர்ந்தபோது பாயின் குதிரை வந்துகொண்டிருந்தது. வெயிலில் ஜட்காவை அவிழ்த்துவிட்டால் அது தானாகவே ஊற்றுக்கு வந்துவிடும். நான் புதருக்குப் பின்னால் ஒளிந்தேன். குதிரை அந்த ஈர வட்டத்தில் மூக்கை வைத்து முகர்ந்தது. முன்னங்காலால் ஒரு தடவை கிளறியது. மறுபடி முகர்ந்தது. போகாமல் அங்கேயே நின்றது. அந்தக் குதிரையின் கண்ணை எழுபது வருஷத்துக்கு மேலாக நான் சுமந்துகொண்டிருக்கிறேன். அன்று ஓடிப்போய் மணலை வாரியிருக்கலாம். எனக்குத் தலைமுடிதான் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் முதுகில் முடி பரவிக் கிடப்பது தெரிந்தது. ரிப்பன் இல்லை. திரும்பிப் போய்த் தேடத் தைரியமும் இல்லை. பூக்காரி போட்டுவிட்டுப் போன வாழைநாரை எடுத்து ஜடை நுனியில் கட்டிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்து நான் எழுந்தபோது அம்மா இல்லை. முன்னாலேயே ஆற்றுக்குப் போய்விட்டாள் என்றார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நைனா மஞ்சள் நனைத்த புடவையும் தேங்காய் பழமும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தண்ணீர் இல்லை என்று அம்மா அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவோம் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

தாழம்புதர் ஓரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய ஊற்றைவிடப் பெரிய ஊற்று. அதிலிருந்து ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால், பத்தடிக்கு மேல் போய் மணலில் மறைந்தது. பாய் முழங்கால்வரை சேறாக, மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கைகளிலும் முழங்கைவரை ஈர மணல். பாய் என்னைப் பார்த்தார். பிறகு குதிரையைத் தட்டிக்கொண்டு கரை ஏறிப் போய்விட்டார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். என் ஜடையில் வாழைநாரைப் பார்த்தாள்.

கரையில் காத்திருந்த முடி எடுக்கிறவர் பெட்டியைத் திறந்து கத்தியைத் தீட்டினார். எல்லாக் குழந்தைகளுக்கும் கேட்கிறதுபோல் கேட்டார், பாப்பாவை யார் மடியில் வைத்துக்கொள்கிறீர்கள் என்று. அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“பாப்பாவுக்கு இல்லீங்க. எனக்கு.”

கண்ணைத் திறந்தபோது அம்மா வாய்க்காலில் உட்கார்ந்து, சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்று முறை. பிறகு கொண்டையை அவிழ்த்தாள். எங்கள் தெருவில் அம்மாவின் முடிக்கு இணை கிடையாது. உட்கார்ந்தால் தரையில் புரளும். அத்தை பதறிப்போய்ச் சொன்னாள், மஞ்சள் குங்குமத்தோடு இருக்கிறவள் எதற்கு முழுசாக எடுக்க வேண்டும், நுனியில் மூன்று கத்தரி வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதுமே என்று. எங்கள் பக்கத்தில் திருப்பதிக்கும் திருத்தணிக்கும் பெண்கள் முழு முடி கொடுப்பது உண்டுதான். ஆனால் எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

அம்மா தலையைக் குனிந்தபடியே சொன்னாள். “முழுசா தரேன்னுதான் சொன்னேன் அண்ணி. அவ உசுரும் முடியும் திரும்பி வரட்டும், ரெண்டு சாண் வளந்த அன்னிக்கு என்னுது எடுத்துக்கோன்னு சொன்னேன்.”

நைனாவுக்கு மட்டும் முன்பே தெரியும்போல. அவர் மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கத்தி போகப் போக அம்மாவின் முடி கற்றை கற்றையாக அவள் மடியில் விழுந்தது. நான் மணலில் விழுந்து அழுதேன். எனக்கும் எடுங்கள், எனக்கும் எடுங்கள் என்று கத்தினேன். எப்பேர்ப்பட்ட தண்ணீரை நான் மூடினேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அது என் தலைக்கான தண்ணீர் இல்லை. என் உயிருக்காக அம்மா நின்று கேட்ட தண்ணீர்.

முடி எடுக்கிறவர் கத்தியை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஈரக் கையால் என் தாடையைப் பிடித்தாள்.

“உன்னுது உங்கிட்டயே இருக்கணும்னுதாண்டி என்னுத குடுக்கிறேன்.”

நண்பர்களே, சாமியைப் பற்றி எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். எதுவும் எனக்கு அவ்வளவாக நிற்கவில்லை. ஆனால் அந்த ஆற்றுக்கு ஏன் கும்பிடு போடுகிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியும். மணலுக்குள் போனபிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. நான் மிதித்து மூடினேன், அது வந்தது. பாய்க்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவர் கடைசிவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்ற குதிரைக்கும் சொல்லியிருக்க வேண்டும். அத்தைக்கும்தான். கரையிலேயே சந்தனம் குழைத்து, அம்மாவின் தலையில் தன் கையாலேயே தடவிவிட்டவள் அத்தை. அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றி வாசலில் அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

பொய்கையில் முழுகிவிட்டுப் படி ஏறத் தொடங்கினோம். மேளமும் அரோகராவும் காதை அடைத்தன. முதல் படியில் அம்மா என்னை நிறுத்தி, முதுகைத் திருப்பச் சொன்னாள். ஜடை நுனியிலிருந்து வாழைநாரைப் பிய்த்து எறிந்தாள். இடுப்புச் செருகலிலிருந்து எதையோ எடுத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். சிவப்பு ரிப்பன். ஈரமாக, கசங்கி, சேற்று நிறத்தில்.

“கூடைக்கு அடியில இருந்திச்சி” என்றாள். “இனிமே தொலைக்காத.”

அவ்வளவுதான் சொன்னாள். இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு, சந்தனத் தலையோடு எனக்கு முன்னால் ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். ரிப்பனில் இருந்த ஆற்று மணல் காயக் காய, ஒவ்வொரு படியிலும் என் முதுகில் உதிர்ந்துகொண்டே வந்தது. உச்சி வரைக்கும் நான் அதைத் தட்டிவிடவில்லை.